‘எவனுக்குக் கேக்குது?’ என்று கேட்ட கொழுந்தனுக்கு

786

மாமல்லபுரம்,
12-6-1974, புதன்கிழமை.

அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய கொழுந்தன் அமீருக்கு, உன் அண்ணி பதருன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே உன் அண்ணனும் நானும் சுகமாக இருக்கிறோம், என் இரண்டு காதுகளைத் தவிர. அங்கே செங்கல்பட்டில் நீயும் ரோஷன் பீவியும் பிள்ளைகளும், உன் பேண்டு செட்டில் உள்ள பதினோரு பேரும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். பன்னிரண்டு பேர் என்று எழுதத்தான் கை போனது. பன்னிரண்டாவது ஆள் இப்போது என் கொல்லைப்புறத்தில் நின்று ஊதிக்கொண்டிருக்கிறார். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம். இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று தெரிந்ததால் ஹபீபாவின் பழைய கட்டுரை நோட்டில் ஆறு தாள் கிழித்துக்கொண்டேன். அவளைக் கேளம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த பிறகு இந்த வீட்டில் உன் அண்ணன், நான், பேஸ் என்று நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய பித்தளைக் குழல், மூன்று பேர்தான். மூவரில் அதிகம் பேசுவது குழல்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பங்குனியில், கூடுவாஞ்சேரிக் கல்யாண ஊர்வலத்தில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "ட்ரம்பெட்டுக்காரங்க தாளத்த வுட்டு ஓடறாங்க, கொஞ்சம் புடிச்சி நிறுத்து அமீரு" என்று உன் அண்ணன் சொன்னதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் நானே எழுதுகிறேன். "அண்ணாத்த, நீ பின்னால வந்துகினு பூம் பூம்னு ஊதறது எவனுக்குக் கேக்குது? சும்மா வருவியா." இதை உன் அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. பெரிய டிரம் அடிக்கும் சுப்பிரமணி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் செய்ததெல்லாம் குழலை வாயிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, ஊர்வலத்தை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததுதான். இரண்டு பஸ் மாறி வந்தார். கண்டக்டர் குழலைக் காட்டி இது லக்கேஜா ஆளா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளு வூட்லயே இருக்கலாம்னு கீறேன் பதரு" என்றார். நானும் பாவி, சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாசமாக உன் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. ஆனால் வேலையை விடவும் இல்லை. ஊதாவிட்டால் வாய் கெட்டுவிடும் என்று காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயங்காலம் ஆறு மணியானால் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் முழுவதையும் ஒற்றை ஆளாக நடத்துகிறார். கிணற்றைச் சுற்றித்தான் ஊர்வலம். கோழிக்கூண்டுதான் நாற்சந்தி, அங்கே நின்று, ஆட்டம் போடுகிறவர்களுக்காக ஒரு பாட்டு முழுதாக ஊதிவிட்டுத்தான் நகர்கிறார். பள்ளிவாசலோ ஆஸ்பத்திரியோ வந்தால் வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சத்தம் காட்டாமல் கடப்பது உங்கள் வழக்கம் அல்லவா, அதற்காக முருங்கை மரத்தைப் பள்ளிவாசலாகவும் தோய்க்கிற கல்லை ஆஸ்பத்திரியாகவும் வைத்திருக்கிறார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தால், குழலை இறக்கி, தலை குனிந்து, அடிமேல் அடி வைத்து என்னைக் கடந்து போகிறார். சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூட உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறார். மூன்று மாசமாக நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் துணி துவைக்கிறேன், தம்பி.

இதனால் தெருவில் நடந்த கூத்தையும் கேள். எதிர்வீட்டுச் செல்லம்மாவின் எருமை உன் அண்ணன் ஊதினால்தான் பால் இறக்குகிறதாம். "யக்கா, அண்ணன விடிகாலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லேன், நேரத்தோட கறந்துடுவேன்" என்று அவள் வந்து நின்றாள். இவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு அடுத்த வாரம், கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வழி தவறி நம் தெருவுக்குள் நுழைந்து, கொல்லை வேலிக்கு வெளியே சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இவர் கிணற்றைச் சுற்றுவதையும் முருங்கை மரத்தருகே மௌனமாவதையும் பார்த்து, பெரிய தவம் ஏதோ நடக்கிறது என்று நினைத்திருக்கிறார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்றாம் நாள் அவர்களில் ஒரு பெண் முருங்கை மரத்தின் அடியில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பூ. ஜமாஅத்தில் கூப்பிட்டுக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது, நீயே யோசித்துப் பார்.

ரேஷன் கார்டு கதை இதைவிட மோசம். ஹபீபா பெயரை எடுப்பதற்காகக் கார்டைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். நான் டீ போட உள்ளே போயிருந்தேன். அவர் உன் அண்ணனிடம், "வூட்ல மொத்தம் எத்தினி பேரு?" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பாட்டில் உன் கிளாரினெட் தனியாகப் போகும் இடமாம். பேஸுக்கு வேலை இல்லை, எட்டு சுற்று எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். நீ இல்லாத கொல்லையில், உன் கிளாரினெட்டுக்கு வழிவிட்டு, வாயில் குழலை வைத்தபடி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு ஒற்றை விரலைக் காட்டினார். வந்தவர் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எட்டாவது சுற்று முடிந்து இவர் ஒரு பூம் போட்டதில், நான் கொண்டுவந்த டீ அவர் சட்டையில் கொட்டியது. அதன்பின் அவர் எதையும் திரும்பக் கேட்கிற நிலையில் இல்லை. கார்டு வந்து பார்த்தால் ஹபீபா பெயரோடு என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். சர்க்கார் கணக்குப்படி நான் இப்போது இந்த வீட்டில் இல்லை. சர்க்கரை ஒரு ஆளுக்குத்தான் வருகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அண்ணிக்கு அண்ணன் மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் உன் மேல்தான். நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் ஊர்வலம் பார்க்கத் தெருவுக்கு வருவதில்லை. உங்கள் ஒத்திகை எல்லாம் செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில். எனக்குக் கேட்டதெல்லாம் உன் அண்ணன் வீட்டில் சாதகம் பண்ணுவது மட்டும்தான். ஒரு பாட்டு என்றால் பூம், பூம்பூம், கொஞ்ச நேரம் சும்மா, மறுபடி பூம். மேலே கிளாரினெட் என்ன வாசிக்கும், ட்ரம்பெட் எங்கே பிடிக்கும், ஒன்றும் தெரியாது. பாட்டு என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது, இதற்கா ஊர் கூடி ஆடுகிறது என்று கல்யாணமான புதிதில் நினைத்திருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. அதிலேயே எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பெயர் தெரியாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒன்று மாவாட்டும் பாட்டு, அந்தத் தாளத்துக்குக் குழவி தானாகச் சுற்றும். ஒன்று துணி பிழியும் பாட்டு. ஒன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற பாட்டு. இருபத்திரண்டு வருஷம் உங்கள் பாட்டுகளை எல்லாம் நான் அடியிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் படாளத்தில் நீ வாசித்த கல்யாணத்தில் நான் இருந்தேன். நீ பார்க்கவில்லை. மணப்பெண் செல்லம்மாவின் அக்கா மகள், செல்லம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் அண்ணனிடம் கல்யாணம் என்று மட்டும் சொன்னேன், யார் பேண்டு என்று சொல்லவில்லை. பெண் வீட்டு வாசலில், பெண்களோடு பெண்ணாக முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்தேன். என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு பேண்டு செட் முழுசாக என்னை நோக்கி வரப்போகிறது. ஏழு மணிக்கு வரவேண்டிய ஊர்வலம், ஆறேகாலுக்கே தெருமுனையில் சத்தம் கேட்டது. யாரும் தயாராக இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள்தான் இருந்தது, சுண்ணாம்பு எடுக்க ஒருத்தி ஓடினாள். பெண்ணின் அப்பா துரை அப்போதுதான் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார், ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்தீர்கள் என்பதைவிட ஓடி வந்தீர்கள் என்று சொல்வதுதான் சரி. முதலில் நீ, உனக்குப் பின்னால் இரண்டு ட்ரம்பெட்டுக்காரர்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு டிரம், அதற்கும் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு லொங்குலொங்கென்று வரும் பெண்கள், வழியெல்லாம் சிந்திய சீர்வரிசை வாழைப்பழம், எல்லோருக்கும் கடைசியில் நடப்பது புரியாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் கார். துரை அண்ணன் மாப்பிள்ளையை அரைச் சவரத்தோடுதான் வரவேற்றார்.

எனக்கு அந்தப் பாட்டே தெரியவில்லை, தம்பி. புதுப் பாட்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலே எல்லாம் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. உன் கிளாரினெட் அழகாகத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. ட்ரம்பெட்டுகள் அதன்மேல் ஏறி விழுகின்றன, பாத்திரக் கடை அலமாரி சாய்ந்த மாதிரி. யாரும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுத்தவர் வைக்கும் முன்னால் வைத்துவிடலாம் என்று ஓடுகிறார்கள். அப்போது என் காலே தரையில் தட்ட ஆரம்பித்தது. என்னை அறியாமல் வாய் பூம், பூம்பூம் என்று சொன்னது. சொன்ன மாத்திரத்தில் புரிந்தது. அது என் மாவாட்டும் பாட்டு. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாட்டுக்குத்தான் இட்லி மாவு ஆட்டியிருக்கிறேன், அதன் தலைமாட்டில் இத்தனை பெரிய சங்கதி இருப்பது தெரியாமல். செல்லம்மா பயந்துபோய், "இன்னாக்கா, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா? பூம் பூம்னு சொல்லிகினு கீறியே" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

நீ சாப்பிடப் போன பிறகு சுப்பிரமணி அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் டிரம்மின் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, "இன்னா சொல்றது யக்கா. இத்தினி வருசமும் அவரு பூமைக் கேட்டுத்தான் நான் அடிச்சிகினு இருந்தேன். என்னைக் கேட்டு மத்தவன் அடிப்பான், அவனைக் கேட்டு ட்ரம்பெட்டு ஊதுவான். இப்ப அவரு இல்ல, கை எங்க வுழறதுன்னே தெர்ல" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "முன்ன ஒரு தபா இதே மாதிரி ஓடினோம். உங்க கல்யாணத்துலதான். அவருதான் மாப்ள, யாரு ஊதறது?" என்று சொன்னார்.

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. உனக்கும் ஞாபகம் இருக்குமே. கோவளத்தில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை ஊர்வலம், அவர் ஏறிய குதிரை வண்டியோடு, முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. நிக்காஹ் ஓதவேண்டிய ஹஜ்ரத் வரவில்லை, பிரியாணி தம்மில் இருந்தது, என் கையில் மருதாணி காயவில்லை. நான் உள்ளே அழுதுகொண்டிருந்ததால் பேண்டுச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும், ஜலாலுதீனுக்குப் பொண்டாட்டி மேல் அத்தனை அவசரம் என்று சிரிக்கிறார்கள். நானும் வெட்கப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன், உள்ளே அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கடைசியில் பார்த்தால் அது அவசரமே இல்லையாம், பேஸ் ஊத ஆள் இல்லாததுதான் காரணமாம். படாளத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதிலை எழுதுகிறேன். உன் அண்ணன் ஊதுவது எவனுக்குக் கேட்கிறது என்று கேட்டாய். எனக்குக் கேட்கிறது, தம்பி. அதைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்டதில்லை. உன் காதுக்கும் அது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அதனால்தான் நீ இத்தனை காலம் ஓடாமல் நடந்தாய். உங்கள் அத்தா மௌத்தாகும்போது, கிளாரினெட் முன்னே போகட்டும் என்று தம்பியான உன்னைத் தலைவனாக்கிவிட்டுப் போனார். உன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் வருகிறவன் பெரியவனாக இருந்தால் முன்னால் போகிறவனுக்குப் பயமில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதை உனக்குத் தெரிவிக்காமல் விட்டது என் தப்பு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறு. திருக்கழுக்குன்றம் வழியாக வந்தால் அஸர் தொழுகைக்குள் வந்துவிடலாம். மன்னிப்புக் கேட்க வாய் வராவிட்டால் வாசலில் நின்று இருமு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். குழலையும் குழல் ஊதுகிறவரையும் எடுத்துக்கொண்டு போ. எனக்கு அமைதி வேண்டும். பத்து நாளாவது சத்தமே இல்லாத வீட்டில் தூங்க வேண்டும், தோய்க்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும். இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ரோஷன் பீவிக்கு என் ஸலாம். பிள்ளைகளின் கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளும் ஒரு முத்தமும். உன் மூச்சுக்கும் விரலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
ரேஷன் கார்டில் இல்லாத உன் அண்ணி,
பதருன்னிசா.

பின்குறிப்பு (வியாழன், இரவு): மேலே எழுதிய எதுவும் இப்போது உபயோகமில்லை. தபால் ஆபீஸுக்குப் போகச் செருப்பை மாட்டும்போது நீயே வாசலில் வந்து நின்றாய். இதை எழுதும் நேரம் நீ உள்ளே பாயில் படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறாய். வீட்டில் உறங்குகிறவனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன், ஆனாலும் ஆறு தாள் வீணாகக் கூடாது, நாளைக்குத் தபாலில் போடுவேன். நடந்ததை நீ சரியாகக் கவனித்திருக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். நீ தண்ணீர் கேட்டாய். குடித்துவிட்டு, "படாளத்துல ஓடிட்டோம் அண்ணாத்த" என்றாய். அவர், "கேள்விப்பட்டேன்" என்றார். மூன்று மாசச் சண்டைக்கு நீங்கள் பேசியது அவ்வளவுதான். பிறகு இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார், நீ கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாய். உன் ஆயுசில் முதல் தடவையாக அவர் முன்னால், நீ பின்னால். மாவாட்டும் பாட்டு. நான் கையில் மாவோடு கதவில் சாய்ந்து கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த அந்த இரண்டு சுரத்தின் மேல் நீ மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து போனாய். அவர் அடியில் இருந்ததால்தான் நீ அப்படி நடக்க முடிந்தது, நீ மேலே இருந்ததால்தான் அவர் அங்கே எதற்கு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முருங்கை மரத்தருகே அவர் குழலை இறக்கினார். ஏனென்று கேட்காமல் நீயும் இறக்கினாய். நான் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதனால்தான் முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நீ கேட்டதற்கு நான் வேறு ஏதோ சொன்னேன்.

அமைதி வேண்டும் என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடித்ததாக வைத்துக்கொள். நாளைக்கு அவரைக் கூட்டிப் போ, ஆனால் கல்யாணம் இல்லாத நாளில் இரண்டு பேருமாக வந்து இந்தக் கிணற்றைச் சுற்றிவிட்டுப் போங்கள். செல்லம்மாவின் எருமைக்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று. சாப்பிடும்போது நான் உன் அண்ணனிடம் கேட்டேனே, "நம்ம நிக்காஹ் அன்னைக்கு ஊர்வலம் ஓடினது நீங்க ஊதாததாலதானாம், அவசரத்தால இல்லியாம்" என்று. அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரமாக வைத்தார். "பேண்டு ஓடினது பேஸ் இல்லாததாலதான்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், எட்டு சுற்று இருக்கும். பிறகு என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "ஆனா குதிரை வண்டிக்காரன்கிட்ட இன்னும் கொஞ்சம் வெரட்டுன்னு சொன்னது நான்தான்" என்றார். நீ குனிந்துகொண்டு சிரித்ததை நானும் பார்த்தேன், தம்பி. அதனால்தான் உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.